லா வேட்டா கணவாயில் மூன்றாம் கியர்

கடல் எங்கோ கீழே கிடக்கிறது.
அலமோசாவில் நாங்கள்
முக்கால் காற்றைக் குடித்து
முழு வேலை செய்கிறவர்கள்.
என் பிக்கப்பும் அப்படித்தான்.

இருபது வயது டீசல் வண்டி. பின்னால் ட்ரெய்லர்,
ட்ரெய்லர் நிறையக் குதிரைமசால் கட்டுகள்.
ஆகஸ்டில் கணவாய் ஏறும்போது
மூன்றாம் கியரில் இருபத்தெட்டு மைல் வேகம்.
பள்ளிக்கூட பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது.
கடைசி ஜன்னலில் ஒரு பையன்
எனக்குக் கையாட்டினான்,
பாவப்பட்டு.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விலைப்பட்டியல்கள்.
குளிர்காற்றுக் குழாய், முந்நூற்று எண்பத்தொன்பது டாலர்.
ட்யூனிங், எழுநூற்றைம்பது.
எல்லாரும் முப்பது குதிரை கூடும் என்கிறார்கள்.
என் கொட்டிலில் நிஜக் குதிரை இரண்டு நிற்கின்றன,
தீனிக் கணக்கு எனக்குத் தெரியும்.
இந்த முப்பதுக்கும் யார் போடுவது?

சிவப்புப் பஞ்சு வடிகட்டி அழகாய்த்தான் இருக்கிறது.
நிறையக் காற்று விடுமாம்.
நிறையக் காற்று விடுவது
நிறையத் தூசியும் விடும்.
வசந்தத்தில் மணல்மேட்டிலிருந்து கிளம்பும் காற்றை
அந்தப் படத்தை எடுத்தவன்
பார்த்திருக்க மாட்டான்.

மலைக்கு அந்தப் பக்கம் ஹாலிஸ் ப்ரூட்டின் பட்டறை.
"காற்று முதல்ல. டீசல் அப்புறம்.
மாத்திச் செஞ்சா பிஸ்டன் வெண்ணெயா உருகிடும்.
அதுக்கும் முன்னாடி வெப்பமானி வை,
கண்ணில்லாம மலை ஏறாதே."
லேப்டாப்பில் மூன்று கோப்புகள் காட்டினான்:
தினசரி, இழுவை.
மூன்றாவதற்கு அவன் வைத்த பெயர்
வெறி.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"புகை வடிக்கிற சமாசாரத்தையும் கழட்டிடலாமே?"
வேண்டாம் என்றேன்.
சைக்கிளில் வருகிறவன் முகத்தில்
கரியைத் துப்புகிற ஆளாக எனக்கு ஆசையில்லை.
என் ஆசை வேறு. அப்போது சொல்லவில்லை.

ஞாயிறு காலை,
புதுக் குழாய்க்கு அளவெடுக்கப்
பழைய காற்றுப்பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு வீடு.
சீட்டு ஸ்பாஞ்ச், தீவனச் சாக்கு நூல்,
வாற்கோதுமை உமி, என் உல்லன் கையுறையின் கட்டைவிரல்,
ஃபெர்மின் தொலைத்ததாக
நான் ஒரு வாரம் சண்டை போட்ட ரசீதின் பாதி.
எலிகள் காலி செய்துவிட்டுப் போயிருந்தன.
வாடகை பாக்கி.

இத்தனை நாள்
ஒரு வைக்கோல் மெத்தை வழியாக
மூச்சு விட்டிருக்கிறது வண்டி.
நானோ அதற்கு வயதாகிவிட்டது என்று
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேக்குவம் போட்டு உறிஞ்சினேன்.
புதுக் காகித வடிகட்டி, நாற்பத்தொரு டாலர்.
செவ்வாய்க்கிழமை அதே சுமை, அதே ஏற்றம்:
முப்பத்தேழு மைல்.

"முடிஞ்சுது கதை," என்றான் ஃபெர்மின்,
"எழுநூறு டாலர் மிச்சம்."
ரசீதின் பாதியைச் சட்டைப்பையில் வைத்திருந்தான்,
சாட்சிக்கு.

நியாயம்தான். ஆனாலும் தூக்கம் வரவில்லை.
கேளுங்கள், எனக்கு வேண்டியிருந்தது
வேகம் கூட இல்லை.
ஜன்னலை இறக்கிவிட்டு
பாறை வெட்டிய வளைவில் திரும்பும்போது
டர்போவின் சீழ்க்கை பாறையில் மோதித்
திரும்பி என் காதுக்கு வர வேண்டும்.
அவ்வளவுதான்.
நாற்பத்தாறு வயதில் இதை
யாரிடம் போய்ச் சொல்வது?
ஹாலிஸிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ஆகவே வாங்கியவை:
வெப்பமானி ஒன்று. இழுவைக் கோப்பு.
காகித வடிகட்டி அதன் பெட்டியிலேயே இருக்கட்டும்.
பெட்டியின் வாய்க்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலை,
என் கையால் வெட்டியது,
ஒரு பக்கம் கோணல்.
வெறியை அவனிடமே விட்டுவிட்டேன்.
அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

இன்று மறுபடி கணவாய்.
மூன்றாம் கியர், நாற்பத்து நான்கு.
முள் ஆயிரத்து நூற்றைம்பதில் நின்று
கொஞ்சம் நடுங்கி, நின்றது.
வளைவில் ஜன்னலை இறக்கினேன்.
பாறை பதில் சொன்னது.

மேலே போகும்வரை
முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டே வந்தேன்.
பஸ் வரவில்லை.
அப்புறம்தான் நினைவு வந்தது,
சனிக்கிழமை.